கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள்

ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு வராது. சட்டைப் பொத்தானையோ கையில் இருக்கும் பையையோ பார்த்துத்தான் பேசுவேன். பத்தாவது வரை படித்த பள்ளியிலும் அப்படித்தான், முப்பது வருடமாக வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சி அரிசி மில்லிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் என் மனைவி அதை ஒரு குறையாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேலியாக்கிக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு என் மூக்குத்தியத்தான் கட்டிக்கினாரு, என்னைக் கட்டிக்கல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அவள் கண்ணைத் தினமும் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. ஈரலைத் தின்னும் கிருமி என்றார்கள். எப்போது வந்தது, எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் இதைக் குணப்படுத்திவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்றார் டாக்டர். பன்னிரண்டு வாரம், தினமும் ஒரு மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுத்தார்கள். இருபத்தெட்டு மாத்திரை கொண்ட டப்பா, மாதம் ஒன்று.

முதல் டப்பாவை வாங்கப் போனபோது மருந்து கொடுக்கும் அம்மா ஒரு தாளையும் கொடுத்தார். அதில் நான்கு படங்கள். மஞ்சள் கண், டீ நிறத்தில் மூத்திரம், வீங்கிய வயிறு, தலையில் கை வைத்துக் குழம்பி நிற்கும் ஒரு ஆள். கீழே ஒரு போன் நம்பர். என் மனைவி படங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா என்னிடம்தான் பேசினார்.

"நீங்கதாங்க பாக்கணும். அவங்க கண்ணு அவங்களுக்குத் தெரியாது. தெனம் காலையில, லைட்டு போட்டுப் பாக்கக்கூடாது, வெயில் வெளிச்சத்துல பாக்கணும். மஞ்சளா தெரிஞ்சா அன்னிக்கே கூட்டிக்கினு வாங்க. நாளைக்கு நாளான்னிக்குன்னு வெக்காதீங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. நாட்டு மருந்து, கஷாயம் எதுவா இருந்தாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."

நான் அவர் மேசையிலிருந்த பேனாவைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் அவள் உட்காருவாள். கிழக்கு வெளிச்சம் நேராக முகத்தில் விழும். கீழ் இமையை விரலால் இழுத்துக்கொண்டு நாக்கையும் நீட்டுவாள்.

"நாக்கு வேணாம்."

"சேத்துப் பாத்துக்கங்க. பொண்ணு பாக்க வந்தப்போ இப்படி உத்துப் பாத்திருந்தா நான் ஓடியே போயிருப்பேன்."

ஒருநாள் பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அன்று முழுக்க உடம்பு கூசியது. மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே டியூப்லைட் அடியில் பார்த்தேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. மில்லுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டியபடியே, "நல்லாத்தானே இருக்குற?" என்பேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். அதோடு சரி.

இந்த நோயைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஒரே மகளைத் திருக்கோவிலூரில் கொடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அவள் ஐந்து மாதக் கர்ப்பம். ரத்தத்தில் கிருமி என்றால் சம்பந்தி வீட்டில் என்னவெல்லாம் நினைப்பார்களோ என்று பயம். கருணாபுரத்துச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஈரல் என்று வாயெடுத்தாலே குடியா என்றுதான் கேட்பார்கள். மாத்திரை முடிந்ததும் வளைகாப்பு வைத்து மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்துவிடலாம், யாருக்கும் தெரியாமலே இது போய்விடும் என்று கணக்குப் போட்டோம். என் மனைவியின் தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது டப்பா வாங்க நான் மட்டும் போனேன். அவளுக்கு அலுப்பாக இருந்தது, வரவில்லை.

"எதுனா தொந்தரவு இருக்குதாங்க?" என்று கேட்டார் மருந்து கொடுக்கும் அம்மா.

"இல்லீங்க."

"கண்ணு?"

"நல்லா இருக்குதுங்க."

பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளங்கை அரிக்கிறது, சோறு பிடிக்கவில்லை என்று அவள் இரண்டு மூன்று தரம் சொல்லியிருந்தாள். மூத்திரம் மஞ்சளாகப் போகிறது, உடம்பு சூடு என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் அந்த மேசை முன்னால் நிற்கும்போது என் ஞாபகத்தில் இருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

மில்லில் என் வேலை சாம்பிள் பார்ப்பது. கறுப்புத் தட்டில் ஒரு பிடி அரிசியைப் பரப்பி, உடைசல் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று விரலால் ஒதுக்கிச் சொல்ல வேண்டும். நெல் தொட்டியில் அதிக நேரம் ஊறிவிட்டால் அவித்த அரிசி மஞ்சளடித்துப் போகும். மற்றவர்கள் வெள்ளை என்று சொல்வதில் நான் மஞ்சளைக் கண்டுபிடிப்பேன். அதற்காகத்தான் இத்தனை வருடம் என்னை வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது டப்பாவில் ஐந்து மாத்திரை போட்டிருந்தாள். அன்று கரண்ட் போனதில் ஒரு தொட்டி நெல் கூடுதலாக ஊறிவிட்டது. காலையிலிருந்து அந்த அரிசியையே பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அவள் பின்பக்கம் அதே கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெயில் முகத்தில் இருந்தது. கழுத்து, காதோரம், கை எல்லாம் மஞ்சள்.

"மஞ்சள் பூசிக் குளிச்சியா?"

"மூணு நாளா குளிக்கவே முடியலீங்க. எழுந்து நிக்கவே அலுப்பா இருக்குது."

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். காலையிலிருந்து தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்த அதே நிறம்.

அன்றைக்கே வாங்க என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். நான் போகவில்லை. எங்கள் பக்கத்தில் காமாலையா என்று சந்தேகம் வந்தால் மூத்திரத்தில் நாலு பருக்கை சோற்றைப் போட்டு வைத்து, மறுநாள் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் அம்மா எனக்குப் பார்த்திருக்கிறாள். கண்ணில் நேராகத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் சோறு போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் அதில் போயிற்று.

மறுநாள் காலையில் பருக்கை மஞ்சளாகி இருந்தது. தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ரிங் போயிற்று. என்னவென்று ஆரம்பிப்பது, நான் யாரென்று சொல்வது, ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். மூன்றாவது ரிங்கில் கட் செய்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் அவள் தம்பி வந்துவிட்டான். மலையடிவாரத்தில் மரவள்ளி பயிர் வைத்திருக்கிறான், சந்தைக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டான். வாசலில் நின்றபடியே அக்காவைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"இன்னாக்கா இது? காமாலக்கா! ஏன் மாமா, பாத்துக்கினே இருக்குற? கண்ணு தெரியல உனக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"ஆஸ்பத்திரில இன்னா பண்ணுவாங்க? காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாது மாமா. குளுக்கோஸ் ஏத்தி வுட்டுடுவாங்க. வெள்ளிமலைக்கு அப்பால ஒருத்தரு வேர் குடுக்குறாரு. எங்க ஊர்ல எத்தினி பேரு பொழச்சிருக்குறாங்க தெரியுமா? கெளம்புங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அவனிடம் சொல்லட்டுமா என்று கேட்கும் பார்வை. நான் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையைப் பற்றிச் சொன்னால் எதற்கு மாத்திரை என்று கேட்பான், அவன் வாயில் ஒன்றும் நிற்காது, நாளைக்கே திருக்கோவிலூருக்குப் போய்விடும். சரி, கிளம்பலாம் என்றேன்.

பஸ் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுத்தாள். வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்துப் போனோம். வைத்தியர் சாமைக் கொல்லை ஓரம் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து இரண்டு கண்ணையும், நகத்தையும், உள்ளங்கையையும் பார்த்தார். நான் பார்க்க வேண்டிய விதத்தில் அவர் பார்த்தார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேற மருந்து எதுனா சாப்புடுதா? மறைக்காம சொல்லுங்க. இருந்தா நான் குடுக்கமாட்டேன், கீழயே போய்ப் பாத்துக்கங்க."

பக்கத்தில் மச்சினன் நின்றான். நான் தரையைப் பார்த்தேன். அங்கே அரைத்த வேரின் சக்கை கொஞ்சம் கிடந்தது.

"இல்லீங்க" என்றேன்.

அரைத்த வேரை ஆட்டுப்பாலில் கலக்கிக் கொடுத்தார். மூன்று நாளைக்கு வெறும் வயிற்றில் குடிக்க வேர்ப்பொடியும் கட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் பத்தியம். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, புளி கூடாது, வேறு எந்த மருந்தும் கூடாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"அந்த மாத்திரைய இன்னா பண்றதுங்க?"

"பத்தியம் முடியட்டும். வேற மருந்து கூடாதுன்னாரு இல்ல?"

"அந்தம்மா நிறுத்தக்கூடாதுன்னாங்களே."

"பன்னண்டு நாளுதானே."

டப்பாவை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். மலையில் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யை நிஜமாக்குவதற்காக மாத்திரையை நிறுத்தினேன். இதை எத்தனை தரம் யோசித்தாலும் இப்படித்தான் வருகிறது.

ஏழெட்டு நாள் மோர்ச்சோறு சாப்பிட்டுப் படுத்தே கிடந்தாள். மஞ்சள் குறைவது போல இருக்கிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். மச்சினன் போன் செய்தபோது, "கம்மியாயிட்டு வருதுடா" என்றேன். வயிறு உப்பியிருந்தது. வாயு என்றோம். பகலெல்லாம் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மில்லிலிருந்து வந்தேன். அவள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் சோற்றுப் பானை. அதில் டீத்தூளைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"பாப்பா பள்ளிக்கூடத்துலேர்ந்து வர நேரம். பசின்னு வரும்."

கல்யாணமாகிப் போன மகளைச் சொல்கிறாள். கேலி செய்கிறாளோ என்று நின்றேன். அவள் கேலி செய்யும்போது வாய் ஒரு பக்கம் கோணும். அது கோணவில்லை.

பீரோவைத் திறந்து தாளை எடுத்தேன். நான்காவது படம், தலையில் கை வைத்து நிற்கும் ஆள். மற்ற மூன்றும் வந்து, நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து அனுப்பிவிட்டிருந்தேன்.

தெருமுனையில் மளிகைக் கடை பாயிடம் ஆம்னி வேன் உண்டு. ஓடினேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாய் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார். "வாங்க வாங்க. நம்மாளுக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் ரேஷன். இன்னிக்கு எத்தினி செலவாச்சு?"

"பாய், வண்டி வேணும். என் வூட்டுக்காரிக்கு ஈரல்ல கிருமி. மாத்திரை போட்டுக்கினு இருந்தா. நான் நிறுத்திட்டேன். காமாலை வந்து பன்னண்டு நாளுக்கு மேல ஆச்சு. இப்ப பேச்சு மாறிப்போச்சு."

ஒரே மூச்சில் சொன்னேன், எல்லார் முன்னாலும். பாய் தராசில் இருந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு சாவியை எடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும், "ஐயோ, நல்ல பொம்பளையாச்சே" என்றாள். இத்தனை மாதம் நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இவ்வளவுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். மருந்து கொடுக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். நான் டப்பாவை நீட்டினேன். மேசையில் கொட்டி எண்ணினார். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்துமூன்று இருந்தது.

"ஒரு போன் போட்டிருக்கலாமில்லீங்க?"

"போட்டேங்க. ரிங் போச்சு."

"எடுக்கலையா?"

"நான் கட் பண்ணிட்டேங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

அன்றே வேறு ஊரிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். நான்கு நாளுக்குப் பிறகு அங்கிருந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். சி கிருமி ரத்தத்தில் இல்லை, மாத்திரை அதை முன்பே அடக்கிவிட்டது. ஆனால் அவள் உடம்பில் பி என்கிற இன்னொரு கிருமி, எப்போதோ வந்து உறங்கிக் கிடந்திருக்கிறது. சி அடங்கியதும் சில பேருக்கு, அபூர்வமாக, அது எழுந்துகொள்ளும். அதுதான் காமாலை. அதற்குத் தனியாக மாத்திரை உண்டு, தினம் ஒன்று.

"அன்னிக்கே கூட்டிக்கினு வந்திருந்தா?" என்று கேட்டேன். ஒரு டாக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்த வேர் எவ்வளவு கெடுத்தது, கிருமி எவ்வளவு கெடுத்ததுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா சீக்கிரம் வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

ஒரு மாதம் அங்கே இருந்தோம். எட்டாம் நாள்தான் அவள் என்னை அடையாளம் கண்டாள். அதற்குள் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்து, சம்பந்தியம்மா பஸ் ஏறி வந்து பார்த்தார். "சொல்லியிருந்தா நான் வந்து தொணைக்கு இருந்திருப்பேனே அண்ணே" என்றார். வளைகாப்பை அவர்களே வைத்துக்கொண்டார்கள். தலைப்பிரசவமும் அங்கேயேதான். மகளுக்குப் பத்தியச் சோறு போட்டு, பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டியவள், திருக்கோவிலூருக்குப் போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போதே களைத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தாள்.

கிருமிகள் இரண்டும் இப்போது அடங்கியிருக்கின்றன. ஈரல் சுருங்கிவிட்டது, அது திரும்பாது என்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்து இரண்டு தரம் எடுத்தாகிவிட்டது. கட்டிக்கு ஆபரேஷன் செய்ய உடம்பு தாங்காது என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சோற்றில் கை வைக்கும்போது, "மலைக்காரரு பத்தியம் முடியவே மாட்டேங்குதே" என்பாள்.

ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். மலையில் அந்த இல்லீங்க-வை நான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று.

"நானுந்தான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன். எனக்கும் வாய் இருந்துச்சு" என்றாள்.

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அவள் அன்று காலை வீட்டிலேயே என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். நான்தான் அவள் தம்பியின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து கொடுக்கும் அம்மாவுக்கு இப்போது அடிக்கடி போன் செய்கிறேன். கால் வீங்கினால், சாப்பாடு இறங்காவிட்டால், ஒரு இருமலுக்குக்கூட. என் குரல் அவருக்குப் பழகிவிட்டது. "இன்னாங்க, கண்ணா, காலா?" என்பார்.

காலையில் துவைக்கிற கல்லில் அவள் உட்காருகிறாள். பக்கத்து மாடிப் பெண் துணி காயப்போட்டால் போட்டுக்கொண்டு போகட்டும். அவள் இமையை இழுத்துப் பிடிக்கிறாள், நாக்கை நீட்டுவதில்லை. நான் குனிந்து, இரண்டு கண்ணையும் ஓரம் வரைக்கும் பார்க்கிறேன்.

"மஞ்சள் இருக்குதா?" என்று இன்றும் கேட்டாள்.

"இல்ல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உள்ள முகம் பாக்குற கண்ணாடி இருக்கும் பாருங்க, எடுத்துக்கினு வாங்க" என்றாள்.

போய் எடுத்து வந்தேன்.